கீழ் வீட்டில் ஒரு மணி நேரம்

கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கும் வேலை பார்த்த அந்தப் பெண்ணுக்கு நாற்பத்தேழு வயது. கல்யாணம் கூடி வரவில்லை; அப்புறம் அவளே அதைப் பற்றி யோசிப்பதை விட்டுவிட்டாள். ஆறு வருடம் அம்மா படுக்கையில் கிடந்தாள். காலையில் குளிப்பாட்டி, ஊட்டி, பக்கத்துத் தெருப் பெண் ஒருத்தியைத் துணைக்கு உட்கார்த்தி வைத்துவிட்டுக் கடைக்கு ஓடுவாள். மாலையில் திரும்ப ஓடி வருவாள். அம்மா போன பிறகு ஓடுவதற்கு ஒன்றும் இல்லாமல் போயிற்று.

கடை சாத்தும் நேரத்தில் முதலாளி சாவிக்கொத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பார். "இன்னும் கிளம்பலையாம்மா?" என்பார். அவள் ஏற்கெனவே துடைத்த கருவியை இன்னொரு முறை துடைத்துக்கொண்டிருப்பாள். வீட்டுக்கு வந்து சமைத்தால் அளவு தப்பிவிடும். இரண்டு பேருக்கு அரிசி போட்டுப் பழகிய கை. கூடத்தில் அம்மாவின் கட்டில் அப்படியே கிடந்தது. சனிக்கிழமை வந்தால் அதன் விரிப்பை மாற்றுவாள். மாற்றி முடித்த பிறகுதான் எதற்கு மாற்றினோம் என்று நினைப்பு வரும்.

ஞாயிறு தவறாமல் சபைக்குப் போவாள். அம்மா விழுந்த புதிதில் சபைப் பெண்கள் கூட்டமாக வந்து ஜெபித்தார்கள். பிறகு இரண்டு பேராக வந்தார்கள். பிறகு போனில் விசாரித்தார்கள். அவளுக்கு அதில் வருத்தம் இல்லை; எல்லோருக்கும் வீடு வாசல் இருக்கிறது. அடக்கத்தன்று எல்லோரும் ஒரே வார்த்தை சொன்னார்கள், "இப்படி ஒரு மகள் யாருக்குக் கிடைப்பா?" என்று. அப்படிச் சொல்லிவிட்டு, பெரிய வேலை ஒன்று நல்லபடியாக முடிந்துவிட்டது போல அவளை விட்டுவிட்டார்கள்.

ஜெபத்தில் அவளுக்கு ஒரு சங்கடம் இருந்தது. எல்லோரும் சேர்ந்து சொல்லும் ஜெபத்தில், பிறரை மன்னிப்பதைப் பற்றிய வரி வரும்போது அவளுக்குக் குரல் வராது. உதடு மட்டும் அசையும். அதற்குக் காரணம் கீழ் வீட்டம்மா.

அவள் இருந்தது மாடியில். கீழே வயதான புருஷன் பெண்சாதி. அவர் அச்சகத்தில் முப்பத்தைந்து வருடம் மெய்ப்புத் திருத்துபவராக இருந்து ஓய்வு பெற்றவர். அச்சாகும் முன் எழுத்துப் பிழை பார்க்கும் வேலை. ஒரே மகன் வெளிநாட்டில். அம்மாவைக் குளிப்பாட்டும் தண்ணீர் குளியலறைத் தரை வழியாகக் கசிந்து அவர்கள் கூரையில் பழுப்பாகப் படர்ந்தது. இரண்டு தடவை பிளம்பரைக் கூட்டி வந்து பார்த்தும் நிற்கவில்லை. ஒருநாள் மாடிப்படியில், தபால் கொடுக்க வந்தவரும் இன்னொருவரும் நின்றுகொண்டிருக்க, கீழ் வீட்டம்மா சொன்னாள்:

"உங்கம்மா போய்ச் சேர்ற வரைக்கும் எங்க வீட்டுக் கூரை ஒழுகணும்னு தலையெழுத்தா?"

அவள் மேலே ஏறிப் போய்விட்டாள். மூன்று வாரத்தில் அம்மா போனாள். பெட்டியைப் படியில் இறக்கியபோது கீழ் வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. திறக்கவும் இல்லை, பிறகு ஒரு வார்த்தை விசாரிக்கவும் இல்லை.

அடக்கம் முடிந்து நாலாவது மாதம், ஒரு மாலையில், குளியலறை ஜன்னல் வழியாகக் கீழேயிருந்து சத்தம் வந்தது.

"திரும்புங்க. திரும்புங்கன்னா திரும்புங்களேன். இப்படிக் கல்லு மாதிரி கிடந்தா நான் என்ன பண்ணுவேன்?"

பிறகு மூச்சு வாங்கும் சத்தம். பிறகு அழுகை மாதிரி ஏதோ ஒன்று. பெரியவருக்கு இரண்டு வருடமாகவே மறதி என்று அவளுக்குத் தெரியும். மூன்று மாதம் முன்பு விழுந்து இடுப்பு எலும்பு உடைந்து, ஆஸ்பத்திரியில் இருந்து வந்ததிலிருந்து படுக்கையில்தான். ஒரு ஆளைத் தோளைப் பிடித்து இழுத்தால் திரும்பாது. முதலில் முழங்காலை மடக்க வேண்டும். இது அவளுக்குத் தெரியும், கீழ் வீட்டம்மாவுக்குத் தெரியவில்லை. அவ்வளவுதான் விஷயம்.

கை ஈரத்தைத் துடைத்துக்கொண்டு நின்றாள். போகலாமா, போனால் என்ன சொல்வாள்? ஆண்டவரே, என்னால் முடியாது என்றாள். சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.

கதவு ஒரு சாண் அளவு திறந்தது. உள்ளே சங்கிலி மாட்டியிருந்தது.

"என்ன, மறுபடி தண்ணி ஒழுகுதா?" என்று கேட்டாள் கீழ் வீட்டம்மா.

"இல்லக்கா. சாரைத் திருப்புறதுக்குக் கஷ்டப்படற மாதிரி கேட்டுச்சு. எனக்கு அது பழக்கம். வேணும்னா..."

"மேல இருந்து ஒட்டுக் கேக்கறீங்களா?"

"ஜன்னல் திறந்திருந்துச்சு."

"நாங்க பாத்துக்குறோம்."

கதவு மூடிக்கொண்டது. அவளுக்கு அவமானமாகவும் இருந்தது. ஒரு நிம்மதியும் இருந்தது. கேட்டாயிற்று, வேண்டாம் என்றாயிற்று. இனி ஆண்டவர் தன்னை ஒன்றும் கேட்க முடியாது என்று நினைத்துக்கொண்டு, வீட்டுக்கு வந்து ஆறிப்போன சோற்றைச் சாப்பிட்டாள்.

ஆறு நாள் கழித்து, கடைக்கு வார விடுமுறையான செவ்வாய்க்கிழமை, மதியம் கீழே ஏதோ தடாலென்று விழுந்தது. "யாராவது வாங்களேன்" என்று கீழ் வீட்டம்மா கூப்பிட்டாள். இந்த முறை கதவில் சங்கிலி இல்லை.

பெரியவர் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் சரிந்து கிடந்தார். கண் திறந்திருந்தது. கீழ் வீட்டம்மா அவர் கக்கத்தில் கை கொடுத்து இழுத்துக்கொண்டிருந்தாள்.

"இழுக்காதீங்கக்கா. விடுங்க. முதல்ல எங்கயாவது வலிக்குதான்னு பாப்போம்."

இடுப்பையும் காலையும் தொட்டுப் பார்த்தாள். பெரியவர் முகம் சுளிக்கவில்லை. கனமான போர்வையை நாலாக மடித்து, அவர் அடியில் கொஞ்சம் கொஞ்சமாகச் செருகி, ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டார்கள். "மூணு சொன்னதும் தூக்கணும். முதுகை வளைக்காதீங்க, முட்டியை மடக்குங்க." இரண்டாவது முயற்சியில் கட்டிலில் ஏற்றிவிட்டார்கள். பெரியவர் அவளை ஏற இறங்கப் பார்த்து, "லேட்டா வர்ற," என்றார்.

"மன்னிச்சுக்குங்க சார்."

சட்டையைத் தூக்கிப் பார்த்தபோது அடிமுதுகில் உள்ளங்கை அகலத்துக்குப் புண் இருந்தது. கீழ் வீட்டம்மா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். "டாக்டர் மருந்து கொடுத்திருக்காரு. போடறேன். ஆற மாட்டேங்குது," என்றாள். திருடி மாட்டிக்கொண்டவள் போல இருந்தது அவள் குரல்.

"மருந்து சரியாத்தான் இருக்கும். அதே இடத்துல படுத்தே கிடந்தா எப்படி ஆறும்? ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பணும். நான் காட்டறேன்."

காட்டினாள். எந்தக் காலை மடக்குவது, இடுப்பில் எங்கே கை வைப்பது, முழங்கால்களுக்கு நடுவில் தலையணை, குதிகால் மெத்தையில் படாமல் கீழே ஒரு சுருட்டிய துண்டு. ஊட்டும்போது தலையைச் சாய்க்கக் கூடாது, மோவாய் நெஞ்சைப் பார்க்க இருக்க வேண்டும். கீழ் வீட்டம்மா ஒவ்வொன்றையும் பார்த்துக்கொண்டே இருந்தாள். கிளம்பும்போது, "நாளைக்கு வருவீங்களா?" என்று வாசலைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்.

அப்படித்தான் ஆரம்பித்தது. கடை விட்டதும் நேரே கீழ் வீட்டுக்குப் போவாள். ஒரு மணி நேரம். துடைத்துவிடுவது, உடுப்பு மாற்றுவது, புண்ணுக்கு மருந்து வைப்பது. செவ்வாய்க்கிழமை மதியத்திலேயே போய்விடுவாள். கீழ் வீட்டம்மா அன்றைக்கு உள்ளறையில் படுத்து அடித்துப் போட்டது போல் தூங்குவாள். பெரியவர் அவளைத் தன் கீழ் வேலை பார்க்கும் ஆள் என்று முடிவு செய்துவிட்டார். சில நாள் திட்டுவார். ஒருநாள் கையை ஓங்கி அடித்தும்விட்டார். அவர் கண்ணாடியை மாட்டிவிட்டால் கழற்றி எறிவார்.

"இது ஒரு வியாதிங்க. மாட்ட மாட்ட எறியறாரு," என்றாள் கீழ் வீட்டம்மா.

மூன்றாவது முறை எறிந்தபோது அவள் அதை எடுத்து, ஜன்னலுக்கு நேரே பிடித்து மேலும் கீழும் அசைத்துப் பார்த்தாள். கண்ணாடிக்குள் ஜன்னல் கம்பியும் கூடவே அதே பக்கம் நகர்ந்தது.

"அக்கா, சாருக்குக் கிட்டப்பார்வையா?"

"இல்லையே. தூரத்துல இருக்கறது நல்லாத் தெரியும். படிக்கத்தான் போட்டுக்குவாரு."

"இது கிட்டப்பார்வைக்காரங்க கண்ணாடி. இவரோடது இல்ல."

கீழ் வீட்டம்மா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள். ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பும்போது சாமான்களை ஒரு பையில் போட்டுக் கொடுத்தார்கள். பக்கத்துக் கட்டில்காரருடையது மாறியிருக்க வேண்டும். இரண்டுமே கறுப்பு பிரேம். மூன்று மாதமாக, யாருடைய கண்ணாடியையோ அவர் மூக்கில் மாட்டி, கழற்றக் கூடாது என்று அதட்டிக்கொண்டிருந்திருக்கிறாள்.

அலமாரியில் தேடிப் பழைய கண் பரிசோதனைச் சீட்டை எடுத்துக் கொடுத்தாள். மறுநாள் சாப்பாட்டு வேளையில் அவள் கடையில் உட்கார்ந்து லென்ஸ் தேய்த்தாள். தேய்ப்பு இயந்திரத்தில் தண்ணீர் சொட்டச் சொட்ட ஓரம் கரையும். பிரேமுக்குள் சத்தமில்லாமல் போய் உட்காரும்வரை விடக் கூடாது. முதலாளி எட்டிப் பார்த்து, "யாருக்கு இவ்ளோ பொறுமையா?" என்றார். "கீழ் வீட்டு சாருக்கு," என்றாள். நாலு மாதத்தில் அவள் கடை விஷயம் தவிர வேறு பேசியது அன்றுதான்.

சாயங்காலம் கண்ணாடியை மாட்டிவிட்டு, செய்தித்தாளை முன்னால் பிடித்தாள். பெரியவர் எறியவில்லை. கொஞ்ச நேரம் தாளையே பார்த்தார். விரல் ஒரு தலைப்பின்மேல் போய் நின்றது.

"கனமழை காரணமாக பள்ளிகளுக்கு விடுமுறை," என்று வாசித்தார். "காரணமாகவுக்கு அப்புறம் ப் எங்க?"

"என்ன சார்?"

"ப். ஒற்று மிகணும். யாரு பார்த்தது இந்தப் பக்கத்தை?" விரல் கீழே இறங்கியது. "முயற்ச்சி. ற்-க்குப் பக்கத்துல இன்னொரு ஒற்று நிக்குமா? நிக்காது. இடமே கிடையாது. தூக்கு அதை."

"தூக்கிடறேன் சார்."

கீழ் வீட்டம்மா அடுப்பை விட்டு ஓடி வந்தாள். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "என் கடுதாசியில எல்லாம் இப்படித்தான் சிவப்பு மையில கோடு போட்டுத் திருப்பி அனுப்புவாரு. கல்யாணத்துக்கு முன்னாடி," என்றாள். பிறகு அவர் முகத்துக்கு நேரே குனிந்து, "என்னைத் தெரியுதா? இப்ப நல்லாத் தெரியுதா?" என்று கேட்டாள்.

பெரியவர் அவளை நிதானமாகப் பார்த்தார். முகம் தெளிவாகத் தெரிகிறது என்பது அந்தப் பார்வையிலேயே புரிந்தது.

"நீங்க யாரு? புரூஃப் வாங்கிட்டுப் போக வந்தீங்களா?" என்று மரியாதையாகக் கேட்டார்.

"ஆமா," என்றாள் கீழ் வீட்டம்மா.

"உக்காருங்க. முடிச்சுத் தர்றேன்."

அவள் உட்கார்ந்தாள். அவர் பக்கத்தை முடிக்கும் வரை முந்தானையை மடியில் திரட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தாள்.

அந்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அவள் போதகரைத் தேடிப் போனாள். அவர் மைக் வயரை முழங்கையில் சுற்றிக்கொண்டிருந்தார்.

"ஐயா, ஒண்ணு கேக்கணும். கீழ் வீட்டுப் பெரியவருக்குப் படுக்கைப் புண். உதவி பண்ணப் போறேன். எல்லாரும் ஊழியம்னு சொல்றாங்க. ஆனா எனக்கு அவங்க மேல பாசம் ஒண்ணும் இல்ல. என் வீடு காலியா இருக்கு. அங்க உக்கார முடியல. அதனாலதான் போறேன். இது ஊழியம்தானா?"

போதகர் சுற்றுவதை நிறுத்தினார். "எனக்குத் தெரியலம்மா. நான் காலையில எழுந்து இங்க வர்றதுக்குக்கூட சில நாள் சம்பளம்தான் காரணம்," என்றார். பிறகு, "அவருக்குப் புண் ஆறுதா?" என்று கேட்டார்.

"ஆறுது. ஓரமெல்லாம் சிவந்து புதுத் தோல் வந்துடுச்சு."

"அப்ப போங்க. இந்த முனையைக் கொஞ்சம் பிடிங்க."

அவள் வயரின் முனையைப் பிடித்துக்கொண்டாள்.

ஒருநாள் இரண்டு பேரும் சேர்ந்து விரிப்பு மடித்துக்கொண்டிருந்தபோது, கீழ் வீட்டம்மா துணியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அன்னைக்கு மாடிப்படியில உங்கம்மாவைப் பத்தி ஒண்ணு சொன்னேன்."

"விடுங்கக்கா. அது ஆச்சு எப்பவோ," என்றாள் அவள் உடனே.

சொன்ன வேகத்திலேயே அது பொய் என்று தெரிந்தது. விரிப்பின் மறுமுனை கையில் இருந்தது. அதை இன்னொரு மடிப்பு மடித்துவிட்டு, "இல்லக்கா. வலிச்சுது. ரொம்ப வலிச்சுது. எங்கம்மாவுக்குக் காது நல்லாக் கேக்கும். கதவு திறந்திருந்துச்சு. அவங்களுக்குக் கேட்டிருக்குமான்னு இன்னும் எனக்குத் தெரியல," என்றாள்.

கீழ் வீட்டம்மா மடித்த விரிப்பை மேசைமேல் வைத்தாள். "அப்ப இவரு ராத்திரியெல்லாம் எழுந்து வாசலைத் திறந்துட்டுப் போயிடுவாரு. நான் தூங்கி மூணு மாசம். யாரையாவது கடிச்சுக் குதறணும் போல இருந்துச்சு. நீங்க எதிர்ல வந்தீங்க." மூக்கை உறிஞ்சினாள். "இதைச் சொல்லி நியாயம் பேசல. நான் சொன்னது தப்பு. சாவுக்கு வராததும் தப்பு. மூஞ்சி காட்ட முடியாமத்தான் கதவைச் சாத்திக்கிட்டேன்."

"சரிக்கா," என்றாள் அவள். அடுத்த விரிப்பை எடுத்தார்கள். அந்த ஞாயிறு ஜெபத்தில் அந்த வரி வந்தபோது குரல் வந்தது. கொஞ்சம் கரகரப்பாக வந்தது, ஆனாலும் வந்தது.

கீழ் வீட்டம்மாவுக்குப் பல வாரமாகப் பல்வலி. கன்னத்தைக் கையில் தாங்கிக்கொண்டே வேலை செய்வாள். பெரியவரை விட்டுவிட்டு எப்படிப் போவது என்று தள்ளிக்கொண்டே வந்தாள். ஒரு செவ்வாய்க்கிழமை அவள்தான் பிடிவாதமாக அனுப்பி வைத்தாள். "மாசக்கணக்கா நீங்க தெருவைப் பாக்கல. பல்லைப் பிடுங்கிட்டு, அப்படியே கொஞ்சம் காத்தாட நடந்துட்டு வாங்கக்கா. நான் இருக்கேன்."

கீழ் வீட்டம்மா தலை வாரி, நல்ல புடவை கட்டி, வாசலில் திரும்பி நின்று அவரைப் பார்த்தாள். அவர் தாளில் ஆழ்ந்திருந்தார். போய்விட்டாள்.

மூன்று மணி இருக்கும். பெரியவரின் கையிலிருந்து செய்தித்தாள் நழுவியது. எடுத்துக் கொடுக்கக் குனிந்தபோதே மூச்சு மாறியிருப்பது அவளுக்குக் கேட்டது. இழுத்து, நின்று, மறுபடி இழுத்து. அம்மாவிடம் கேட்ட அதே மூச்சு. கீழ் வீட்டம்மாவுக்குப் போன் போட்டாள். உள்ளறையில் மணி அடித்தது. சார்ஜில் போட்டுவிட்டு அந்தம்மா எடுக்க மறந்து போயிருந்தாள். ஆம்புலன்சுக்குச் சொன்னாள், இருபது நிமிடம் ஆகும் என்றார்கள். எந்தப் பல் டாக்டர் என்று கேட்டு வைத்துக்கொள்ளவில்லையே என்று தன்னையே நொந்துகொண்டாள்.

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்தாள். வாய்விட்டு ஜெபிக்கலாம் என்று நினைத்தாள். ஆனால் அவர் அந்த வழிக்காரர் இல்லை. கடைசி நேரத்தில் காதுக்குப் பழக்கமில்லாத சொற்களைக் கேட்டுப் பயந்துவிடக் கூடாது. அவருக்காகக் கேட்க வேண்டியதை உள்ளுக்குள்ளேயே கேட்டுக்கொண்டாள். பிறகு செய்தித்தாளை எடுத்து வாசித்தாள்.

"சாலை பணிகள் அடுத்த வாரம் தொடக்கம்," என்று மெதுவாக வாசித்து நிறுத்தினாள். சாலைக்குப் பிறகு ப் வர வேண்டும். அது இப்போது அவளுக்கே தெரியும். அவர் சொல்லக் காத்திருந்தாள். அவர் கண்ணாடிக்குப் பின்னால் கண் பாதி மூடியிருந்தது. "ப் விட்டுட்டாங்க சார்," என்று அவளே சொன்னாள். அடுத்த வரியை வாசித்தாள். அதற்கடுத்த வரியையும் வாசித்தாள். பக்கம் முடிவதற்குள் மூச்சு நின்றுவிட்டது.

ஆம்புலன்ஸ் ஆட்கள் பார்த்து உறுதி செய்துவிட்டுத் தாளில் எழுதிக்கொண்டிருக்கும்போது கீழ் வீட்டம்மா வந்தாள். வாயில் பஞ்சைக் கடித்திருந்தாள். மரத்துப்போன உதடு ஒரு பக்கமாகத் தொங்கியது. வாசலில் வண்டியைப் பார்த்தபோதே தெரிந்திருக்க வேண்டும். உள்ளே வந்து அவர் பெயரைச் சொல்ல முயன்றாள். வாய் ஒத்துழைக்கவில்லை. குழந்தை உளறுவது போல ஏதோ வந்தது. பஞ்சைத் துப்பிவிட்டு மறுபடி முயன்றாள். கடைவாயில் ரத்தம் வழிந்தது. அவள் ஓடிப்போய்ப் பிடித்துக்கொள்ள, கீழ் வீட்டம்மா கையைத் தட்டிவிட்டாள்.

இரண்டாம் நாள் மகன் வந்து சேர்ந்தான். உறவினர் சிலர் வந்திருந்தார்கள். அவள் சமையலறையில் நின்று எல்லோருக்கும் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது கூடத்தில் மகன் பேசியது கேட்டது.

"யாரோ ஒரு மேல் வீட்டுக்காரங்க. அவங்களுக்கு என்ன தெரியும்னு அப்பாவை விட்டுட்டுப் போனீங்க? ஒரு நர்ஸா அவங்க? வேற யாராவது கூட இருந்திருந்தா காப்பாத்தியிருக்கலாம்."

அவள் தேநீர்ச் சட்டியைப் பிடித்தபடி நின்றாள். கீழ் வீட்டம்மா ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தாள். புண் ஆறியதைச் சொல்வாள், கண்ணாடியைச் சொல்வாள். கூடத்தில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. தம்ளர்களைத் தட்டில் அடுக்கி, எல்லோருக்கும் கொடுத்துவிட்டு, தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு மேலே போய்விட்டாள்.

அதன்பிறகு கீழ் வீட்டுக் கதவு திறக்கவில்லை. மகன் பத்து நாளில் திரும்பிப் போனான். கீழே ஒரு சத்தமும் இல்லை. ஜன்னல் வழியாகக் குழாய் ஓடும் சத்தம்கூட எப்போதாவதுதான். அவள் கடைக்குப் போய் வந்தாள். கடை விட்டதும் கால் தானாகக் கீழ் வீட்டு வாசலில் தயங்கும். உள்ளே போய் என்ன செய்வது? திருப்பிப் படுக்கவைக்க ஆள் இல்லை. மருந்து வைக்கப் புண் இல்லை. அவளுக்குத் தெரிந்த வேலை எதுவும் அந்த வீட்டில் மிச்சமில்லை. அதோடு நெஞ்சில் புதிதாக ஒரு முள். நாலு வார்த்தை எனக்காகப் பேசியிருக்கலாமே. ஞாயிற்றுக்கிழமை அந்த வரியில் குரல் மறுபடி நின்றுபோனது.

ஆனால் இந்த முறை அவள் அதோடு வீட்டுக்குப் போய்விடவில்லை. சபை காலியான பிறகும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். கீழ் வீட்டம்மா அந்தக் கதவுக்குப் பின்னால் என்ன செய்துகொண்டிருப்பாள் என்று யோசித்தாள். யோசிக்க வேண்டியதே இல்லை. இரண்டு பேருக்கு அரிசி போட்டிருப்பாள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை தூக்கத்திலிருந்து எழுந்து, திருப்பக் கட்டிலில் ஆள் இல்லாமல் நின்றுகொண்டிருப்பாள். அவளுக்கு அது ஒவ்வொன்றும் மணிவாரியாகத் தெரியும். பெஞ்சில் உட்கார்ந்தபடியே முதல் தடவையாகக் கீழ் வீட்டம்மாவை நினைத்து அழுதாள். தனக்காக அழவில்லை என்பது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை மதியம் கீழே போய்க் கதவைத் தட்டினாள். திறக்கவில்லை. படியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு மேலே போனாள். புதன் மாலை தட்டினாள். உள்ளே நாற்காலி நகரும் சத்தம் கேட்டது, அவ்வளவுதான். அடுத்த செவ்வாய் தட்டியபோது கதவு திறந்தது. சங்கிலி மாட்டியிருக்கவில்லை. கீழ் வீட்டம்மா இளைத்திருந்தாள். தலை வாரவில்லை.

"இங்க ஒரு வேலையும் இல்லையேம்மா," என்றாள்.

"தெரியும்க்கா."

"பின்ன எதுக்கு வந்தே?"

"சும்மாத்தான்."

கீழ் வீட்டம்மா வழிவிட்டு நின்றாள். கட்டிலைக் காணோம். யாருக்கோ கொடுத்துவிட்டார்கள் போலிருக்கிறது. தரையில் நாலு கால் தடம் மட்டும் வெளுப்பாகத் தெரிந்தது. இரண்டு பிரம்பு நாற்காலி இருந்தது. ஆளுக்கொன்றில் உட்கார்ந்தார்கள்.

"அவன் பேசினப்ப நான் வாயைத் திறக்கல," என்றாள் கீழ் வீட்டம்மா. "உள்ளே நீ நிக்கறது எனக்குத் தெரியும். தெரிஞ்சும் பேசல. உன்மேல ஒரு ஆத்திரம். முப்பத்தெட்டு வருஷம் கூட இருந்தவ நான். கடைசியில கூட இருந்தது நீ. அது எப்படி உனக்குக் கிடைக்கலாம்னு."

"நான் போகச் சொல்லியிருக்கக் கூடாதுக்கா," என்றாள் அவள்.

"பல்லு வலிச்சுதே. போகாம என்ன பண்றது?" கீழ் வீட்டம்மா கன்னத்தைத் தடவினாள். "கஷ்டப்பட்டாரா?"

"இல்லக்கா. தூங்கற மாதிரிதான். கையைப் பிடிச்சுக்கிட்டிருந்தேன். பேப்பர் படிச்சுக் காமிச்சேன்."

"தப்பு கண்டுபிடிச்சாரா?"

"இல்ல. அன்னைக்கு எதையும் திருத்தல."

கீழ் வீட்டம்மா தலையை ஆட்டினாள். ரொம்ப நேரம் ஆட்டிக்கொண்டே இருந்தாள். பிறகு நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடினாள். அழுகிறாளோ என்று அவள் எட்டிப் பார்த்தாள். இல்லை, தூங்கிப் போயிருந்தாள். வாய் லேசாகத் திறந்து, பல் போன இடம் தெரிய, மூச்சு சீராக வந்தது.

கிளம்பலாம் என்று எழுந்தாள். கதவைப் பூட்ட வேண்டுமானால் உள்ளேயிருந்துதான் பூட்ட முடியும். எழுப்பினால் இந்தத் தூக்கம் மறுபடி எப்போது வருமோ. திரும்பி வந்து உட்கார்ந்தாள். வெளிச்சம் மங்கியது. விளக்கைப் போட்டால் விழித்துக்கொள்வாள் என்று போடவில்லை. தெருவில் வேலை முடிந்து வருகிறவர்கள் பேசிக்கொண்டு போனார்கள். யார் வீட்டிலோ குக்கர் சத்தம் போட்டது. கீழ் வீட்டம்மாவின் கழுத்து ஒரு பக்கமாகச் சாய்ந்து தொங்கியது; காலையில் பிடித்துக்கொண்டு வலிக்கும். நாற்காலியைச் சத்தமில்லாமல் பக்கத்தில் நகர்த்திப் போட்டு, தன் தோளை அந்தத் தலைக்குக் கீழே கொடுத்துவிட்டு, இருட்டில் அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.